அருளும் ஏற்றக்கோணமும்

சைவ சித்தாந்தத்தில் ‘சத்திநிபாதம்’ என்றொரு சொல் வழங்குகிறது. சத்தி பதிதல், அதாவது இறைவனுடைய அருளாற்றல் ஓர் உயிரின்மேல் படிதல் என்பது அதன் பொருள். அருள் எங்கும் நிறைந்தது, எல்லா உயிர்க்கும் பொதுவானது, ஒரு கணமும் நீங்காதது என்று நிறுவும் அதே சாத்திரம், அது சிலர்மேல் விரைந்தும் சிலர்மேல் தாழ்த்தும் பதிகிறது என்று கூறி, அந்த வேறுபாட்டை மந்ததரம், மந்தம், தீவிரம், தீவிரதரம் என்று நால்வகையாகப் பிரித்தும் காட்டுகிறது. வாழைத்தண்டில் தீப்பற்றுவது ஒருவகை, பச்சை விறகில் பற்றுவது ஒருவகை, உலர்ந்த விறகில் பற்றுவது வேறொரு வகை என்று இதற்கு உவமையும் சொல்லப்படும். தீ ஒன்றே, பற்றுகிற பொருளே வேறு. இவ்விடையில் நுட்பம் இருப்பதுபோலவே இடரும் இருக்கிறது. எங்கும் ஒருபடித்தாக இறங்குவது ஏன் எல்லோரையும் எட்டவில்லை என்ற கேள்விக்கு, எட்டாதவரின் தகுதிக்குறைவே காரணம் என்று சொல்லிவிட்டால், கொடுப்பவரின் நடுவுநிலைமை காப்பாற்றப்பட்டுவிடும். ஆனால் பெறாதவர் தலையில் ஒரு பழி ஏறிவிடும். அந்தப் பழி நியாயமானதுதானா என்பது நிதானமாக ஆராயப்பட வேண்டிய கேள்வி.

அதற்கு உரைகல்லாக மிகச் சாதாரணமான ஒரு பொருளை எடுத்துக்கொள்ளலாம்: வீட்டு மொட்டை மாடியில் நிறுத்தப்படும், மாதக் கட்டணம் கேட்காத தொலைக்காட்சி டிஷ். இடம், திருவனந்தபுரத்தின் வடபகுதியிலுள்ள கழக்கூட்டம். 1990-இல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கினால் இன்று அறியப்படும் இவ்வூருக்குச் சில கிலோமீட்டர் தொலைவில், கடலோரமாக, தும்பா இருக்கிறது. புவியின் காந்த நடுக்கோடு அவ்வழியே செல்வதால் மேல்வளிமண்டல ஆய்வுக்கு உகந்ததெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட அந்த மீனவர் ஊரில், ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவின் இசைவோடு மரிய மக்தலேனா தேவாலயம் விஞ்ஞானிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து மேலெழுந்தது. கழக்கூட்டத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம் திரும்பினால், அதே அளவு அண்மையில், 1856-இல் நாராயண குரு பிறந்த செம்பழந்தி. வழிபாட்டுக் கூடத்தை ஆய்வுக்கூடமாக்க மனம் ஒப்பிய ஊரும், வழிபாடு யாருக்கு உரியது என்ற கேள்வியை எழுப்பியவர் பிறந்த ஊரும் இருபுறமும் அமைந்த இவ்விடத்தில், வானத்தை நோக்கித் திருப்பப்படும் ஒரு தகட்டைக் கொண்டு அருளைப் பற்றி எண்ணிப்பார்ப்பது பொருத்தமற்ற செயலாகாது.

2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய பிரசார் பாரதியின் சேவையே இன்றைய டிடி ஃப்ரீ டிஷ். இதன் அலைவரிசைகளைச் சுமப்பது, 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவின் கூரூ தளத்திலிருந்து ஏவப்பட்ட ஜிசாட்-15 என்னும் செயற்கைக்கோள். அது நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், 93.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில், புவி சுழலும் அதே வேகத்தில் சுற்றுகிறது. நொடிக்கு 3 கிலோமீட்டருக்கு மேல் விரைந்தும், கீழிருந்து நோக்குபவருக்கு வானத்தின் ஒரே புள்ளியில் நின்றிருப்பதாகவே அமைகிறது. இத்தகைய பாதைக்குப் புவிநிலைச் சுற்றுப்பாதை என்று பெயர். இச்சேவையை ‘இலவசம்’ என்று சொல்வது வழக்கம் என்றாலும், ‘பூட்டப்படாதது’ என்று சொல்வதே அதன் இயல்புக்கு நெருங்கியது. கட்டணச் சேவைகளும் இதே போன்ற அலைகளையே அனுப்புகின்றன, அவையும் எல்லாக் கூரையின்மேலும் விழுகின்றன. ஆனால் அவற்றின் உள்ளடக்கம் மறைகுறியாக்கப்பட்டிருப்பதால், பணம் செலுத்தியவரின் செட்டாப் பாக்ஸில் உள்ள சாவியின்றி அது திறக்காது. பூட்டப்படாத சேவையில் அப்படியொரு சாவியே கிடையாது. கருவி வைத்திருக்கும் எவரும் பெறலாம். எத்தனை பேர் பெறுகிறார்கள் என்பதைச் செயற்கைக்கோள் அறியாது. ஒருவர் பெறுவதால் அடுத்தவருடைய பங்கு அணுவளவும் குறையாது.

அப்படியானால் டிஷ் வாங்கி மாடியில் வைத்தவுடன் படம் வந்துவிட வேண்டுமே, ஏன் வருவதில்லை? திசை என்ற ஒன்று இருப்பதுதான் காரணம். அலைவாங்கியை நிறுத்த மூன்று கோணங்கள் தேவை. வடக்கிலிருந்து கிழக்கு வழியாகக் கிடைமட்டத்தில் எவ்வளவு திருப்புவது என்பது கிடைக்கோணம்; தரையிலிருந்து எவ்வளவு நிமிர்த்துவது என்பது ஏற்றக்கோணம்; அலைகள் எந்தத் தளத்தில் அதிர்கின்றனவோ அதற்கு இணங்க அலையேற்கும் முனையை எவ்வளவு முறுக்குவது என்பது தளவிளைவுக் கோணம். கழக்கூட்டத்தில் இவை முறையே ஏறத்தாழ 116, 68, 62 பாகைகள். இதே செயற்கைக்கோளுக்கு டெல்லியில் ஏறத்தாழ 149, 52, 27. டெல்லியின் கோணங்களை எவ்வளவு பக்தியோடு பின்பற்றினாலும் கழக்கூட்டத்தில் வெற்று வானமே கிடைக்கும். இரண்டு ஊர்களின் டிஷ்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவை வெவ்வேறு பொருள்களை நோக்குவதாகத்தான் தோன்றும். நோக்கப்படுவது ஒன்றே என்பது அவரவர் நிற்கும் இடத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால்தான் விளங்கும். சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நெறிகளை நான்காக வகுத்து, நிற்கும் படிக்கேற்ற நெறியை மேற்கொள்ளச் சொன்ன சித்தாந்த ஆசிரியர்கள் இந்தக் கணக்கை வேறொரு மொழியில் அறிந்திருந்தார்கள். பிறர் நெறி தவறு என்று அறைவதற்கு முன் அவர் எந்த அட்சத்தில் நிற்கிறார் என்று கேட்கும் பொறுமை, சமய வாதங்களில் அரிதாகவே காணப்படுகிறது.

இதிலும் ஒரு மயக்கம் உண்டு. வீடுகளில் பயன்படும் 60 சென்டிமீட்டர் டிஷ் பெரும்பாலும் ‘ஆஃப்செட்’ வகையைச் சேர்ந்தது. அதாவது ஒரு பெரிய பரவளையக் கிண்ணத்தின் நடுவை விட்டு ஓரத்துண்டை வெட்டியெடுத்தது போன்ற வடிவம் கொண்டது. அதன் முகம் பார்க்கும் திசைக்கும் அது அலைகளை ஏற்கும் திசைக்கும் ஏறத்தாழ 20 முதல் 25 பாகை வேறுபாடு இருக்கும். கழக்கூட்டத்து மாடியில் சரியாக நிறுத்தப்பட்ட டிஷ் சுமார் 45 பாகையில் சாய்ந்து, எதிர்வீட்டின் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே எதையோ பார்ப்பதுபோல் தெரியும். உண்மையில் அது கேட்டுக்கொண்டிருப்பது ஏறக்குறைய உச்சிவானத்தை. முகத்தைக் கண்டு ஒருவருடைய உள்நோக்கைத் தீர்மானிப்பவர்கள் இந்தத் தகட்டின் முன் சற்றே நின்று யோசிக்கலாம்.

டிஷ்ஷைத் திருப்பும் வேலையை அருகிலிருந்து பார்ப்பது பயனுடையது. கம்பத்தைப் பற்றியிருக்கும் போல்ட்டுகள் பாதி தளர்த்தப்படுகின்றன. செட்டாப் பாக்ஸின் திரையில் இரண்டு பட்டைகள்: ஒன்று சிக்னல் ஸ்ட்ரெங்த், மற்றொன்று சிக்னல் குவாலிட்டி; முன்னது வலிமை, பின்னது தரம். கேபிளை எல்என்பியில், அதாவது டிஷ்ஷின் கைமுனையில் அமர்ந்து அலைகளைப் பெருக்கித் தரும் சிறு பெட்டியில், இணைத்தவுடனே வலிமைப் பட்டை உயர்ந்துவிடுகிறது, டிஷ் எங்கே பார்த்தாலும் சரி. ஏனெனில் அது இரைச்சலின் ஆற்றலையும் சேர்த்தே அளக்கிறது. தரப் பட்டையோ கிடையாகக் கிடக்கிறது. தகட்டை ஒரு நூலளவு தள்ளி, கையை எடுத்து, பெட்டி தேடி முடிக்கும்வரை சில நொடிகள் காத்து, மறுபடி ஒரு நூலளவு தள்ள வேண்டும். விளிம்பு ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தால் நோக்கு ஒரு பாகை மாறும். அந்த ஒரு பாகை, செயற்கைக்கோள் இருக்கும் தொலைவில் 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விலகல். அவசரப்பட்டு வேகமாகத் திருப்புபவர் சரியான புள்ளியைப் பலமுறை கடந்துபோவார், கடந்ததை அறியவும் மாட்டார். ஏதோ ஒரு கட்டத்தில் தரப் பட்டை நிமிர்கிறது. கீழே கூடத்திலிருந்து யாரோ ‘வந்நு, வந்நு’ என்று கூவுகிறார்கள். வலிமை மிகுந்திருந்தும் தரம் பூஜ்யமாக இருக்க முடியும் என்பது சமய வாழ்க்கையைக் கவனித்தவர்களுக்குப் புதிய செய்தி அன்று. உரத்த பக்தி, நெடுநேர வழிபாடு, கண்ணீர் ஆகிய அனைத்தும் பட்டையை உயர்த்தக்கூடும். அவை எதன் ஆற்றல் என்பதை அந்தப் பட்டை சொல்லாது.

இந்த இடத்தில் ஸ்ரீவைணவ மரபின் பழைய விவாதம் ஒன்று நினைவுக்கு வருகிறது. பூனை தன் குட்டியை வாயில் கவ்விச் செல்லும், குட்டி எதுவும் செய்ய வேண்டியதில்லை. இது மார்ஜார நியாயம், பிள்ளை லோகாசாரியர் வழிவந்த தென்கலையாரின் நிலைப்பாடாகக் குறிக்கப்படுவது. குரங்குக் குட்டியோ தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும். இது மர்க்கட நியாயம், வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையாருக்கு உரியதாகச் சொல்லப்படுவது. இரண்டையும் எதிரெதிர் அணிகளாக நிறுத்திப் பேசுவது எளிது. ஆனால் தேசிகரே, உயிரின் சரணாகதியை அருளுக்குக் காரணம் என்று சொல்லாமல் ‘வியாஜம்’ என்றார். வியாஜம் என்பது காரணமல்லாத, ஆனால் ஒரு முன்னிட்டாக அமைகிற சிறு செயல். மாடியில் நடப்பதை நோக்கினால் இச்சொல்லின் நயம் புலப்படும். ஸ்பேனரை எத்தனை மணி நேரம் திருகினாலும் ஓர் அலையையும் உண்டாக்கிவிட முடியாது. டிஷ் வருவதற்கு முன்பே அந்த அலைகள் அதே மாடியின் பாசியின்மேலும் பக்கத்துத் தென்னையோலையின்மேலும் விழுந்துகொண்டுதான் இருந்தன. ஆகவே முயற்சியை அருளின் விலை என்று கொள்வது பிழை. அதே சமயம், திருப்பாத டிஷ்ஷில் படம் வந்ததில்லை. முயற்சி செய்வதெல்லாம், வேறெங்கோ திரும்பியிருந்த நிலையை நீக்குவதுதான்.

ஒரு சிறு செய்தியையும் இங்கே சேர்க்க வேண்டும். எல்என்பி தானாக இயங்குவதில்லை. வானிலிருந்து வருவதைக் கீழே கொண்டுவரும் அதே கேபிளின் வழியாக வீட்டுப் பெட்டி 13 அல்லது 18 வோல்ட் மின்னழுத்தத்தை மேலே அனுப்புகிறது. செங்குத்துத் தளத்தில் அதிரும் அலைகளுக்கு 13, கிடைத்தளத்து அலைகளுக்கு 18. வீட்டிலிருந்து இந்தச் சிறு மின்சாரம் மேலே ஏறாவிட்டால் வானிலிருந்து எதுவும் இறங்காது. கண்ணுக்குத் தன்னொளி உண்டு, ஆயினும் கதிரவன் ஒளியின்றி அது காணாது என்று சித்தாந்திகள் உயிரறிவுக்கும் திருவருளுக்கும் சொல்லும் உவமை, இருபுறமும் ஓடும் இந்த ஒற்றைக் கம்பியில் கையால் தொடத்தக்க வடிவம் பெற்றிருக்கிறது.

தகுதி என்ற சொல்லை மேலும் நெருக்கிக் கேட்க வேண்டியிருக்கிறது. குறையற்ற கருவிக்கே அலை கிடைக்குமா? 1975-76-இல் அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு ஆறு மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு இஸ்ரோ நடத்திய ‘சைட்’ என்னும் கல்வித் தொலைக்காட்சிச் சோதனையில், ஊர்ப் பொதுவிடங்களில் நிறுத்தப்பட்ட 3 மீட்டர் அலைவாங்கிகள் கோழிக்கூண்டுக்குப் பயன்படும் கம்பிவலையால் செய்யப்பட்டவை. செய்தித்தொடர்புக் கோள்களைப் புவிநிலைப் பாதையில் நிறுத்தலாம் என்று 1945-இலேயே எழுதிய ஆர்தர் சி. கிளார்க்கின் கொழும்பு வீட்டிலும் அந்நாட்களில் இஸ்ரோ பொறியாளர்கள் ஓர் அலைவாங்கியை அமைத்துக் கொடுத்தனர். வலையில் ஓட்டைகளே மிகுதி. ஆனால் ஓட்டையின் அளவு அலைநீளத்தைவிடப் போதுமான அளவு சிறிதாக இருந்தால், அலை அதை ஓட்டையாகவே உணர்வதில்லை. முழுக் கண்ணாடியில் படுவதுபோலப் பட்டுத் திரும்புகிறது. ஓட்டையின்மையைவிட முக்கியமானது, ஒட்டுமொத்த வளைவு ஒரே குவியத்தை நோக்கி அமைந்திருப்பது. குறைகள் நீங்கிய பின்னரே அருளுக்கு உரியவர் ஆவோம் என்று ஏங்கிக் காலத்தைக் கழிக்கும் மென்மையான மனங்களுக்கு இதில் உண்மையான ஆறுதல் இருக்கிறது.

சித்தாந்தம் கூறும் ஐந்தொழில்களில் படைத்தல், காத்தல், அழித்தல், அருளல் ஆகியவற்றோடு மறைத்தலும் ஒன்று. திரோதானம் என்று வழங்கும் இம்மறைப்பும் அருளின் ஒரு வடிவமே என்பது, அச்சாத்திரத்தின் கூற்றுகளில் ஏற்பதற்குக் கடினமான ஒன்று. மறைப்பு என்றதும் இருளே நினைவுக்கு வருகிறது. ஆண்டுக்கு இருமுறை, மார்ச் நடுப்பகுதியிலும் செப்டம்பர் இறுதிப்பகுதியிலும், சில நாட்கள், முற்பகல் பதினொரு மணி அளவில், கழக்கூட்டத்து டிஷ்களில் நேர்வது வேறு. அப்போது கதிரவன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கிறான். அவனும் ஓர் அலைமூலம். அவனுடைய ரேடியோ இரைச்சலில் கோளின் மெல்லிய குரல் மூழ்கிப்போகிறது. சில நிமிடங்கள் படம் உடைந்து சிதறி, பின் தானே திரும்புகிறது. அந்த நேரத்தில் மாடிக்குச் சென்று பார்த்தால், தகட்டில் பட்ட வெயில் குவிந்து எல்என்பியின் மூடியின்மேல் ஒரு வெள்ளைப் பொட்டாக விழுந்திருக்கும். டிஷ் சரியாகத் திரும்பியிருக்கிறது என்பதற்குக் கண்ணால் காணத்தக்க சான்று, படம் இல்லாத அந்த நிமிடங்களில்தான் கிடைக்கிறது. அதே திருவனந்தபுரத்தில், சமஇரவு நாட்களின் மாலையில், பத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்தின் எதிரே திரள்வோர், இறங்கும் கதிரவன் அதன் நடுச் சாளரங்களில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுவதைக் காண்கிறார்கள். ஒரே விண்ணியக்கம் ஓரிடத்தில் காட்சியாகிறது, ஓரிடத்தில் மறைப்பாகிறது. மறைக்கப்பட்ட பொழுதை நெறி தவறிய பொழுது என்று எண்ணி அவசரமாகப் போல்ட்டைத் தளர்த்துபவரே உண்மையில் திசையை இழக்கிறார்.

எனினும் இந்த ஒப்புமையை எல்லைமீறி இழுக்கக் கூடாது. செயற்கைக்கோள் எவரையும் அறியாது. சைவமும் வைணவமும் பேசும் இறைவன் ஒவ்வோர் உயிரையும் அறிந்தவன். கோளின் எரிபொருள் ஒரு நாள் தீரும். டிஷ்ஷைத் திருப்புபவர் வேறு, டிஷ் வேறு. உயிரோ தானே திரும்ப வேண்டிய தகடாகவும் தானே ஸ்பேனரைப் பிடித்த கையாகவும் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் உமாபதி சிவாசாரியார் பத்து அதிகாரங்களில் இயற்றிய திருவருட்பயன், பாற்கடலில் வாழ்ந்தும் பாலை நாடாத மீனையும் வெள்ளத்தின் நடுவே நின்றும் நா வறண்டவரையும் உவமையாக்குகிறது. அருளுக்குள்ளேயே இருந்தும் அதை அறியாமை அங்கே பேசப்படுகிறது. 36,000 கிலோமீட்டர் இடைவெளியை வைத்துப் பேசும் எந்த உவமையும் அந்த அண்மையைச் சொல்லாது.

ஆனால் இடைவெளியை வைத்துப் பேசும் உவமையே காட்டக்கூடிய ஒன்று உண்டு. இடையில் நிற்பது எது என்பதை அது கேட்க வைக்கிறது. திருக்கோட்டியூர் நம்பியிடம் பலமுறை நடந்து பெற்ற மந்திரப்பொருளை, தமக்கு நரகம் நேர்ந்தாலும் பிறர் உய்யட்டும் என்று கோயிலின் உயரத்தில் நின்று இராமானுசர் எல்லோருக்கும் கூவியறிவித்ததாகப் பரவலாக வழங்கும் வரலாறு, பூட்டப்பட்டதைப் பூட்டற்றதாக்கிய செயல். அங்கே பூட்டைப் போட்டவை மனித விதிகள். திருவிதாங்கூரிலும் நிலைமை அதுவே. கோயிலுக்குள் மட்டுமின்றி, கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கவும் தடுக்கப்பட்ட மக்களுக்காக 1924-இல் வைக்கத்தில் சத்தியாக்கிரகம் நடந்தது, பெரியார் ஈ.வெ.ராமசாமி அதில் சிறை சென்றார். அதற்கு முன்பே, 1888-இல், அருவிப்புறத்தில் நாராயண குரு ஆற்றிலிருந்து எடுத்த கல்லைச் சிவமாக நிறுவினார். 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளிவந்தது. அதற்கு முந்தைய நாள்வரை வெளியே நின்றவரைப் பார்த்து, ‘இவருக்கு இன்னும் மலபரிபாகம் வரவில்லை’, அதாவது அழுக்குப் பக்குவப்பட்டு நீங்கும் காலம் வரவில்லை என்று ஒரு பண்டிதர் சொல்லியிருந்தால், அது சாத்திரத்தின் சொல்லால் சுவரை மறைத்ததே ஆகும். வாழைத்தண்டா உலர்விறகா என்று சோதிப்பதற்கு முன், தீ அங்கே போக வழி விடப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

டிஷ் பொருத்துபவர்கள் இந்த வரிசையில்தான் வேலையைத் தொடங்குகிறார்கள். படம் வரவில்லை என்றதும் அவர்கள் கருவியைப் பழிப்பதில்லை. முதலில் தென்கிழக்கு வானத்தை நிமிர்ந்து பார்த்து, மரமோ சுவரோ மறைக்கிறதா என்று கவனிக்கிறார்கள், அதன் பின்னரே கோணத்தையும் கேபிளையும் தொடுகிறார்கள். கழக்கூட்டத்தில் மரம் பெரிய தடையாவதில்லை. 68 பாகை ஏற்றம் உள்ள இடத்தில், டிஷ்ஷைவிட 10 மீட்டர் உயர்ந்த தென்னையாயினும் அதன் ஓலை விரிவுக்கு அப்பால் நான்கு மீட்டர் தள்ளி நிறுத்தினால் போதும். மரத்தை வெட்டச் சொல்லிப் பக்கத்து வீட்டாரோடு சண்டையிட வேண்டியதில்லை. வாடகைக் குடியிருப்புகளின் நிலை வேறு. டெக்னோபார்க்கைச் சுற்றி எழுந்த அடுக்கு வீடுகளில் வடமேற்குப் பக்கத்தில் குடியிருப்பவரின் பால்கனி, தென்கிழக்கு வானத்தை ஒருபோதும் காண்பதில்லை. அவருடைய டிஷ் புதியது, எல்என்பி பழுதற்றது, கோணங்களும் காகிதத்தில் சரியாகக் குறிக்கப்பட்டுள்ளன. மாடிக்குப் போகும் இரும்புக் கதவில் பூட்டு தொங்குகிறது. அதன் சாவி கீழ்த்தளத்தில் உரிமையாளர் வீட்டுச் சுவரில், நாள்காட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறது.